சேமமடு செல்வி

வவுனியாவிலிருந்து ஏ9 வீதியால் வடக்கே போகும் பஸ் ஓமந்தையைத் தாண்டும்போது எங்கள் ஆட்களின் கதை இப்போதும் கொஞ்சம் குறைந்துவிடும். 2009இல் வன்னிச் சனம் அந்தச் சோதனைச்சாவடியால்தான் செட்டிகுளம் முகாம்களுக்கு வந்தது. பிள்ளையைக் கடைசியாகக் கண்ட இடம் அதுதான் என்று சொல்லும் தாய்மார் இங்கே பலர். அந்தப் பக்கத்தில்தான் சேமமடு இருக்கிறது. கவிஞர் செல்வியின் ஊர்.

முழுப்பெயர் செல்வநிதி தியாகராசா. வன்னிக் கிராமமொன்றிலிருந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குப் போய் நாடகமும் அரங்கியலும் படித்தார். கவிதை எழுதினார். ‘தோழி’ என்ற பெண்கள் சஞ்சிகையை நடத்தினார். சீதனத்தையும் பாலியல் வன்முறையையும் பேசும் நாடகங்களை மேடையேற்றினார். போரில் உடைந்துபோன பெண்களுக்கு அடைக்கலம் கொடுத்த பூரணி இல்லத்தில் வேலை செய்தார். இராணுவம் செய்ததை எழுதினால் ஊர் கைதட்டும் காலம் அது. செல்வி அதையும் பேசினார், நம் வீட்டுக்குள் நடப்பதையும் நம் இயக்கங்கள் செய்வதையும் அதே வாயால் பேசினார். கரைச்சல் அங்கேதான் தொடங்கியது.

பயம் தெரியாமல் அவர் பேசினார் என்று நான் நினைக்கவில்லை. பூரணியை உருவாக்கியவர்களில் ஒருவரான மருத்துவ விரிவுரையாளர் ராஜனி திரணகம 1989 செப்டெம்பர் 21 அன்று, வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுடப்பட்டார். ‘முறிந்த பனை’யை எழுதிய நால்வரில் அவர் ஒருவர். 1991 மே மாதம் கவிஞர் சிவரமணி தன் கையிலிருந்த கவிதைகளை எரித்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தச் சிறிய வட்டத்தில் அடுத்தடுத்து விழுந்த அடிகள் இவை. ஊருக்குத் திரும்பி வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் யாரும் செல்வியைக் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவர் படிப்பை விடவில்லை, பேச்சையும் விடவில்லை.

1991 ஓகஸ்ட் 30. யாழ்ப்பாணம் அப்போது விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. செல்வியை அவர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். மூன்றாம் வருட மாணவி. வழக்கு இல்லை, விசாரணை இல்லை. அடுத்த வருடம், 1992இல், உலக எழுத்தாளர் அமைப்பான பென் அவருக்கு விருது கொடுத்தது. வாங்க அவர் இல்லை. வெளிநாட்டு எழுத்தாளர்கள் விடுதலை கேட்டுக் கடிதம் எழுதினார்கள். பலன் இல்லை. பிறகு அவர் கொல்லப்பட்டுவிட்டார் என்ற செய்தி வந்தது, உடல் வரவில்லை.

ஊடகக் கற்கையில் கொல்லப்பட்ட தமிழ்ச் செய்தியாளர்களின் பெயர்களைப் படித்தோம். செல்வியின் பெயரை நான் வகுப்பில் கேட்கவில்லை. நண்பர் ஒருவர் தந்த மங்கலான பிரதியில்தான் அவர் கவிதைகளை முதலில் வாசித்தேன். இந்தக் கட்டுரையை எழுதப்போகிறேன் என்றதும் எனக்கு வேண்டிய அண்ணா ஒருவர், இது மற்றப் பக்கத்துக்குத்தான் உதவும், இப்ப வேண்டாம் என்றார். அவர் கெட்டவர் இல்லை. முள்ளிவாய்க்காலில் தம்பியைப் பறிகொடுத்தவர். இதே சொல்லைத்தான் அன்று செல்விக்கும் சொல்லியிருப்பார்கள் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2017 பெப்ரவரியிலிருந்து வவுனியாவில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் படங்களோடு இருக்கிறார்கள். அந்தக் கொட்டிலுக்கு நான் பல தடவை போயிருக்கிறேன். செல்வியின் படத்தை அங்கே நான் காணவில்லை. அந்த அம்மாக்களில் பிழை இல்லை, அவர்கள் தங்கள் பிள்ளைகளைத் தேடுகிறார்கள். ஆனால் செல்வியும் ஒரு தாயின் பிள்ளைதான்.

போன வருடம் சேமமடுவுக்குப் போய், கடையடியில் இருந்த ஓர் ஐயாவிடம் செல்வியைப் பற்றிக் கேட்டேன். பெயர் தெரியும் என்று தலையாட்டினார். பிறகு நான் எந்தப் பேப்பர் என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் வீதியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இந்தமுறை குளத்தில் தண்ணீர் காணாது என்று வேறு கதை தொடங்கினார்.