அண்ணல் அம்பேத்கர் கற்ற கல்வி

அண்ணல் அம்பேத்கரைச் சட்ட மேதை என்றே நம் மாணவர் அறிவர். அவர் பயின்று பெற்ற இரு முனைவர் நிலைப் பட்டங்களும் பொருளியலுக்கு உரியவை என்று யாம் வகுப்பில் கூறும்போதெல்லாம் வியந்து நிமிர்வோர் உளர். எப்பாடம் கற்றால் எவ்வேலை கிட்டும் என்னும் கணக்கிலேயே முதுகலைப் பாடம் தெரிவுசெய்யப்படும் காலம் இது. ஆதலின் அப்பெருமகனாரின் வாழ்வில் கல்வி சார்ந்த பகுதியை மட்டும் ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

1891-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் மகூ படைமுகாமில் பிறந்தார். பள்ளியில் தனியே சாக்கு விரித்து அமர்ந்த துயரம் பலரும் அறிந்ததே. 1912-இல் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் இளங்கலை முடித்தார். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாடு மாதம் 11½ பவுன் வீதம் மூன்றாண்டுகளுக்கு உதவித்தொகை அளிக்க, 1913-இல் நியூயார்க் சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

அங்கே அவர் பயின்ற பாடங்களின் எண்ணிக்கை வியப்பூட்டுவது. பொருளியலில் 29, வரலாற்றில் 11, சமூகவியலில் 6, மெய்யியலில் 5, மானிடவியலில் 4, அரசியலில் 3. போதாக்குறைக்குப் பிரெஞ்சும் ஜெர்மனும் வேறு! இதனை மனம்போன போக்கு என்று கொள்ளுதல் தவறு. அவர் நெஞ்சிலிருந்த வினா எந்த ஒரு துறைக்குள்ளும் அடங்காதது. சாதி எவ்வாறு தோன்றிற்று என அறிய மானிடவியல் வேண்டும். ஒடுக்கப்பட்டோன் உழைப்பு ஏன் விலைபெறவில்லை என அறியப் பொருளியல் வேண்டும். அவன் ஊர்க்குளத்தில் இறங்க உரிமையுண்டா என வினவச் சட்டம் வேண்டும். 1916-ஆம் ஆண்டு மே மாதம் கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்கில் சாதியின் தோற்றம் பற்றிக் கட்டுரை படித்தார். அகமணமே சாதியின் உயிர்நிலை என அதில் நிறுவினார்.

அவ்வாண்டே இலண்டன் சென்று பொருளியல் பள்ளியிலும் கிரேஸ் இன் சட்டக் கழகத்திலும் சேர்ந்தார். 1917-இல் உதவித்தொகை முடிந்தது. படிப்பு பாதியில் நின்றது. அவருடைய நூல்களை ஏற்றிவந்த கப்பலும் உலகப் போரில் தாக்குண்டு மூழ்கிற்று. பரோடாவில் உயர் அலுவல் கிடைத்தது. குடியிருக்க அறை கிடைக்கவில்லை. தங்கிய விடுதியிலிருந்தும் சாதி அறியப்பட்டு வெளியேற்றப்பட்டார். பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றிச் சேர்த்த பொருள், கோலாப்பூர் மன்னர் சாகு மகராசரின் உதவி, பார்சி நண்பர் நவல் பதேனா தந்த கடன் ஆகியவற்றைக் கொண்டு 1920-இல் மீண்டும் இலண்டன் ஏகினார். கடன்பட்டுக் கற்ற கல்வி அது! ரூபாயின் சிக்கல் பற்றிய ஆய்வேட்டைத் தேர்வாளர்கள் திருத்தித் தருமாறு பணிக்க, அவ்வாறே திருத்தி அளித்து 1923-இல் பட்டம் பெற்றார். அதற்கு முந்தைய ஆண்டே வழக்கறிஞர் தகுதியும் எய்தியிருந்தார்.

கற்றவை அனைத்தும் ஒருங்கே பயன்பட்ட இடம் மகாட் என்பது எம் கருத்து. பொதுக்குளங்களை அனைவர்க்கும் திறந்துவிடும் தீர்மானத்தைப் பம்பாய்ச் சட்டமன்றம் 1923-இலேயே நிறைவேற்றியிருந்தது. ஏட்டில் உரிமை இருந்தும், குளத்து நீரை அள்ள எக்கையும் நீளவில்லை. 1927-ஆம் ஆண்டு மார்ச் 20-ஆம் நாள் தம் மக்களுடன் நடந்து சென்று அந்நீரைப் பருகினார். குளம் தீட்டுப்பட்டதென்று மேல்சாதியினர் சடங்கு செய்தனர். பின்னர் அது தனியார் குளமென்று வழக்கும் தொடுத்தனர். டிசம்பரில் ஆயிரக்கணக்கானோர் மீண்டும் திரண்டபோது நீதிமன்றத் தடை வந்தது. மக்கள் கொதித்தனர். அண்ணலோ தடையை மதித்துக் குளத்தில் இறங்காது ஊர்வலத்தை நடத்தினார். வழக்கை நீதிமன்றத்திலேயே எதிர்கொண்டார். 1937-இல் பம்பாய் உயர்நீதிமன்றம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. ஒரு மிடறு நீருக்குப் பத்தாண்டுகள்!

வைசிராய் அவையில் தொழிலாளர் துறையை ஏற்றதும், அரசியலமைப்பு வரைவுக்குழுவுக்குத் தலைமை தாங்கியதும் எல்லோரும் எழுதுபவை, விடுக்கின்றோம். அதிகம் பேசப்படாத ஒன்றுண்டு. உடல் நலிந்து, பார்வையும் மங்கியிருந்த 1956-ஆம் ஆண்டில், அரசியலில் நுழைய விரும்பும் இளைஞர்க்கென்றே பம்பாயில் ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். சேர்ந்தோர் மிகச் சிலரே. அவ்வாண்டு டிசம்பர் 6-ஆம் நாள் அண்ணல் மறைந்தார். பள்ளியும் நெடுநாள் நிலைக்கவில்லை.