சர் பி. தி. ராஜன்

போடிநாயக்கனூரை விட்டு, ஏலமலைச் சாரலை வலப்புறம் கொண்டு, ராசிங்காபுரத்தின் வழியே தெற்கு நோக்கிச் செல்வோர் உத்தமபாளையத்தை அடைவர். அவ்வூரில், செல்வம் மிக்க நிலக்கிழார் குடியில், 1892ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 22ஆம் நாள் பொன்னம்பல தியாகராஜன் பிறந்தார். அவருக்கு மூன்று வயது நிரம்பிய 1895இல்தான் பெரியாற்று நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கிற்று.

கேம்பிரிட்ஜ் லீஸ் பள்ளியிலும், ஆக்ஸ்போர்டு ஜீசஸ் கல்லூரியிலும் பயின்று பாரிஸ்டராய்த் திரும்பியவர், நீதிக்கட்சியிற் சேர்ந்து 1920இல் சென்னைச் சட்டசபையிற் புகுந்தார். 1930இல் முனுசாமி நாயுடுவின் மந்திரிசபையில் இடம் பெற்றார். ஆயினும் 1932இல் இவரும் குமாரசாமி ரெட்டியாரும் விலகவே, நாயுடு பதவி துறக்க நேர்ந்தது. உட்பூசலால் மெலிந்த கட்சியை அச்செயல் மேலும் மெலிவித்ததென்பதை மறைத்தற்கில்லை. அடுத்துவந்த பொப்பிலி அரசரின் மந்திரிசபையிலும் அவர் இருந்தார். 1936இல் அரசர் இல்லாத காலத்து, ஏப்ரல் 4 முதல் ஆகஸ்டு 24 வரை, மாகாணத்தின் முதன்மந்திரியாகவும் விளங்கினார். மறு ஆண்டுத் தேர்தலில் 215 இடங்களுள் நீதிக்கட்சிக்குக் கிட்டியவை 18 மட்டுமே, ராஜனும் தோற்றார்.

தோற்ற கட்சியை விட்டு வென்ற கட்சிக்குச் செல்வது அன்றும் அரிதன்று. ராஜன் செல்லவில்லை. 1944இல் சேலம் மாநாட்டில் பெரியார் ஈ. வெ. ராமசாமி தலைமையில் நீதிக்கட்சி திராவிடர் கழகமாக மாறிற்று; ஆங்கில அரசு அளித்த பட்டங்களைத் துறக்கவேண்டுமென்றும் அங்கே தீர்மானமாயிற்று. கோயிலும் திருநீறும் உயிரெனக் கொண்ட ராஜன் கடவுள் மறுப்போருடன் எங்ஙனம் செல்வார்? பழைய பெயரையே பற்றி நின்ற சிறு குழுவுக்குப் பின்னர் அவரே தலைவரானார். 1952 பொதுத்தேர்தலில் அக்கட்சியின் சார்பில் வென்றவர் அவர் ஒருவரே; தொகுதி கம்பம். நாடெங்கும் கைவிடப்பட்ட கட்சிக்குச் சொந்தப் பள்ளத்தாக்கு மக்கள் அளித்த வாக்கு, கட்சிக்கன்று, அவருக்கே என்பது வெளிப்படை. 1957 தேர்தலில் அக்கட்சி களம் காணவேயில்லை.

எஞ்சிய ஆண்டுகளில் அவருடைய ஊக்கமெல்லாம் திருப்பணியின்மேற் சென்றது. 1950இல் தீக்கிரையான சபரிமலைக் கோயிலுக்கு ஐயப்பனின் ஐம்பொன் திருவுருவம் வழங்கினார். தமிழ்நாட்டு ஊர்களில் உலாவந்த பின்னரே அது மலையேறிற்று. மதுரை மீனாட்சியம்மன் கோயில் திருப்பணிக் குழுவுக்குத் தலைமை தாங்கி 1963இல் குடமுழுக்கு நடத்துவித்தார்.

1974ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அவர் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய பி. தி. ராஜன் கால்வாய், அவருடைய குழவிப் பருவத்தில் மலை கடந்து வந்த அப்பெரியாற்று நீரையே, இன்றும் உத்தமபாளையத்துப் பக்கத்து வயல்களுக்குக் கொண்டு செல்கிறது.