கரண்ட் பத்தலைன்னா விலையை யார் ஏத்துறது? அம்பேத்கர் வாழ்க்கையில் பலருக்கும் தெரியாத மின்சாரக் கதை

மே மாதம், இரவு 8 மணி. நெமிலிச்சேரி ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்கு வந்தவர்கள் முதலில் தேடுவது ஃபேன் சுவிட்ச். ஏசி இருக்கும் வீட்டில் ஏசி ஓடும். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி என எல்லாப் பக்கமும் இதே நிலைதான். 2024 மே 2-ம் தேதி தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டதும் இப்படி ஒரு வெயில் காலத்தில்தான்.

அந்த இரவு நேரத்தில் நாட்டின் மின்சாரச் சந்தையில் ஒரு யூனிட்டின் விலை, மதிய விலையைப் போல சில மடங்கு ஏறியிருக்கலாம். ஆனா நம்ம வீட்டு இ.பி. பில்லில் மதியம் 2 மணிக்கு எரிச்ச யூனிட்டுக்கும் இரவு 8 மணிக்கு எரிச்ச யூனிட்டுக்கும் தனித்தனி விலை கிடையாது. மொத்தம் எத்தனை யூனிட், எந்த ஸ்லாப் என்பது மட்டும்தான் கணக்கு.

ஏன் இப்படி? தட்டுப்பாடு வந்தால் அதன் சுமையை யார் தாங்குவது? இந்தக் கேள்வியோடு நேரடியாக மோதிய ஒருவரின் சிலை நம்ம ஊர்களில் எங்கும் இருக்கிறது. டாக்டர் அம்பேத்கர்.

அரசியல் சட்டம், சாதி ஒழிப்புப் போராட்டம் என்றால் உடனே அவர் பெயர் நினைவுக்கு வரும். ஆனால் 1942 முதல் 1946 வரை இந்தியாவின் மின்சாரத் துறையும் அவர் கையில்தான் இருந்தது.

எண்ணெய் விளக்கில் படித்த பையன்

1891 ஏப்ரல் 14-ம் தேதி, இன்றைய மத்தியப் பிரதேசத்தில் இருக்கும் மாவ் ராணுவக் குடியிருப்பில் பிறந்தார் அம்பேத்கர். அப்பா ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதார். பின்னர் குடும்பம் பம்பாய்க்கு வந்து, பரேல் பகுதியில் ஒரே அறை கொண்ட வீட்டில் குடியேறியது. இரவில் எல்லாரும் தூங்கிய பிறகு எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் அவர் படித்ததை அவரது வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன.

1912-ல் பம்பாய் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரமும் அரசியலும் படித்துப் பட்டம் பெற்றார். 1913-ல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் நியூயார்க் போய் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். எடிசன் தனது மின் நிலையத்தை 1882-லேயே தொடங்கிய ஊர் அது. இந்தியக் கிராமங்கள் பெரும்பாலும் இருட்டில் இருந்த காலம், அங்கே தொழிற்சாலையும் ரயிலும் மின்சாரத்தில் ஓடிக்கொண்டிருந்தன.

பொருளாதாரம் கற்றுக்கொடுத்தது என்ன?

1918-ல் இந்தியாவின் சிறு விவசாய நிலங்கள் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நிலம் துண்டு துண்டாக இருப்பதை மட்டும் சரிசெய்தால் போதாது என்பது அவர் வாதம். நிலத்தை நம்பி அளவுக்கு மேல் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேறு வேலை வேண்டும், அதற்குத் தொழில் வளர வேண்டும் என்றார். பின்னாளில் அவருடைய மின்சாரக் கொள்கைக்கு விதை இங்கேதான் இருக்கிறது.

1923-ல் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் ரூபாய் மதிப்பு பற்றிய ஆய்வுக்கு டி.எஸ்.சி. பட்டம் பெற்றார். அதில் ஒரு முக்கியமான பாயின்ட் உண்டு. விலைவாசி ஏறும் வேகத்துக்குக் கூலி ஏறாது. அதனால் விலை ஏற்றத்தில் முதலாளிக்கு லாபம் வரலாம், அடி வாங்குவது கூலிக்காரர்தான். இதைப் புரிந்துகொண்ட ஒருவர் கையில் மின்சாரத் துறை போனால் என்ன நடக்கும்?

நடுவில் இருந்த 20 ஆண்டுகளும் சும்மா போகவில்லை. 1927-ல் மகாட் குளத்தில் தண்ணீர் எடுக்கும் போராட்டம், அதன் பிறகு லண்டன் வட்டமேசை மாநாடுகள், 1932-ல் பூனா ஒப்பந்தம், 1936-ல் சுதந்திர தொழிலாளர் கட்சி எனத் தொடர்ந்து களத்தில் இருந்தார்.

போர்க்காலம், கைக்கு வந்த துறை

1942 ஜூலையில் வைஸ்ராயின் நிர்வாகக் கவுன்சிலில் தொழிலாளர் துறை உறுப்பினராகப் பொறுப்பேற்றார். இன்றைய மத்திய அமைச்சர் பதவி மாதிரி. பெயர்தான் தொழிலாளர் துறை. நீர்ப்பாசனம், சுரங்கம், மின்சாரம் எல்லாம் அதற்குள்ளே இருந்தன.

அது இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்த நேரம். நிலக்கரிக்கும் தட்டுப்பாடு, மின்சாரத்துக்கும் தட்டுப்பாடு. தட்டுப்பாட்டின் விலை எப்போதும் ரூபாயில் மட்டும் வராது என்பதற்கு அவர் காலத்திலேயே ஒரு கசப்பான உதாரணம் உண்டு. நிலக்கரி உற்பத்தியைக் கூட்ட, 1943-ல் பெண்கள் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்யக் கூடாது என்ற தடை தளர்த்தப்பட்டது. துறைப் பொறுப்பில் இருந்தவர் அம்பேத்கர். சட்டமன்றத்தில் எதிர்ப்பு கிளம்பியது. இது தற்காலிக அவசர ஏற்பாடு, ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று அவர் பதில் சொன்னார். தடை மீண்டும் வந்தது 1946-ல்தான். தட்டுப்பாட்டின் சுமை ஏழைத் தொழிலாளி மேல் எவ்வளவு சீக்கிரம் இறங்கும் என்பதை அவர் பதவியில் இருந்தபடியே பார்த்தார்.

1943 அக்டோபர் கூட்டம்

போர் முடிந்த பிறகு நாட்டை எப்படிக் கட்டுவது என்று திட்டமிட குழுக்கள் அமைக்கப்பட்டன. நீர்ப்பாசனம், மின்சாரத்துக்கான கொள்கைக் குழுவுக்குத் தலைவர் அம்பேத்கர். அதன் முதல் கூட்டம் 1943 அக்டோபர் 25-ல் நடந்தது.

அன்று அவர் முன்வைத்த விஷயம் எளிமையானது. மின்சாரம் யாருடைய கையில் இருக்க வேண்டும், தனியாரிடமா, அரசிடமா? எந்த ஏற்பாட்டில் இருந்தாலும் மின்சாரம் மலிவாகவும் தாராளமாகவும் கிடைக்குமா? அதுதான் அளவுகோல். மலிவான, போதுமான மின்சாரம் இல்லாமல் தொழில் வளராது. தொழில் வளராமல் வறுமை போகாது.

இதில் 'மலிவு', 'தாராளம்' இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சரக்கு குறைவாக இருக்கும்போது விலையை மட்டும் மலிவாக வைத்தால் எல்லாருக்கும் கிடைக்காது. சந்தை போக்கில் விட்டால் காசு இருப்பவருக்குத்தான் கிடைக்கும். அதனால் தட்டுப்பாட்டையே ஒழிக்கும் வழியில் அவர் துறை இறங்கியது.

என்னென்ன செய்தார்?

1944 நவம்பரில் மத்திய தொழில்நுட்ப மின்சார வாரியம் உருவானது. எந்த மாகாணத்தில் எவ்வளவு மின்சாரம் தேவை, எங்கே தயாரிக்கலாம் என்று நாடு முழுவதற்கும் கணக்குப் போடுவது அதன் வேலை. 1945-ல் தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டம், மகாநதித் திட்டம் ஆகியவற்றுக்கான மாநாடுகள் அவர் தலைமையில் நடந்தன. வெள்ளத் தடுப்பு, பாசனம், மின்சாரம் மூன்றும் ஒரே அணையில் என்பது திட்டம். தாமோதர் பள்ளத்தாக்கு நிறுவனம் 1948-ல் வந்தது. மகாநதியில் ஹிராகுட் அணை எழுந்தது.

1946-ல் அந்தப் பொறுப்பில் இருந்து விலகினார். 1947-ல் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற ஆவணத்தில் முக்கியத் தொழில்கள் அரசிடமே இருக்க வேண்டும் என்று தெளிவாகச் சொன்னார். அதே ஆண்டு சுதந்திர இந்தியாவின் சட்ட அமைச்சரானார், அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவருமானார். அந்த அரசியல் சட்டத்தில் மின்சாரம் பொதுப்பட்டியலில் இருக்கிறது. அதாவது மத்திய அரசும் சட்டம் போடலாம், மாநிலமும் போடலாம்.

1948-ல் மின்சார வழங்கல் சட்டம் நிறைவேறியது. அதைக் கொண்டுவந்த துறை அமைச்சர் என்.வி.காட்கில். ஆனால் அதற்கான அடித்தள வேலை, அம்பேத்கர் துறையைப் பார்த்த காலத்திலேயே தொடங்கிவிட்டது. மாநிலத்துக்கு ஒரு மின்வாரியம், மேலே மத்திய மின்சார ஆணையம் என்ற அமைப்பு இந்தச் சட்டத்தில் வந்ததுதான்.

சென்னையில் என்ன நடந்தது?

சென்னை நகரத்துக்கு அப்போது கரண்ட் கொடுத்தது ஒரு தனியார் கம்பெனி. பெயர் மெட்ராஸ் எலக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன். வெளி மாவட்டங்களில் அரசின் பைக்காரா (1932), மேட்டூர் (1937), பாபநாசம் (1944) நீர்மின் நிலையங்கள் இருந்தன. 1947-ல் சென்னை கம்பெனியையும் அரசு எடுத்துக்கொண்டது.

அம்பேத்கர் 1956 டிசம்பர் 6-ம் தேதி டெல்லியில் காலமானார். ஏழு மாதம் கழித்து, 1957 ஜூலை 1-ல் மெட்ராஸ் மாநில மின்வாரியம் பிறந்தது. நாம இன்னைக்கும் பேச்சு வழக்கில் சொல்ற 'இ.பி.' அதுதான்.

இப்போ விலை எப்படி முடிவாகிறது?

2003-ல் வந்த புதிய மின்சாரச் சட்டம் பழைய 1948 சட்டத்தை நீக்கியது. 2008 ஜூனில் இந்திய மின்சாரச் சந்தை, அதாவது ஐ.இ.எக்ஸ்., தொடங்கியது. ஒரு நாளை 15 நிமிடம் வீதம் 96 பகுதிகளாகப் பிரித்து, அடுத்த நாளுக்கான கரண்ட் அங்கே ஏலம் போகிறது.

ஒரு சின்ன உதாரணம். ஒருவர் யூனிட் 3 ரூபாய்க்குத் தரத் தயார், இன்னொருவர் 6 ரூபாய், மூன்றாமவர் 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தேவை குறைவு என்றால் முதல் ஆளோடு முடிந்துவிடும், விலை 3 ரூபாய். தேவை கூடி மூன்றாமவரிடமும் வாங்க வேண்டி வந்தால், மூன்று பேருக்குமே 10 ரூபாய் கிடைக்கும். கடைசியாக வாங்கும் யூனிட்டின் விலைதான் எல்லாருக்கும் விலை. தட்டுப்பாட்டில் விலை சட்டென்று எகிறுவதற்குக் காரணம் இதுதான்.

2022 மார்ச்சில் இதை நாடே பார்த்தது. சந்தையில் யூனிட் 20 ரூபாய் வரை போனது. ஏப்ரல் 1-ல் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் தலையிட்டு 12 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று உத்தரவிட்டது. 2023-ல் அந்த உச்சவரம்பு 10 ரூபாய் ஆனது.

உச்சவரம்பு போட்டால் பிரச்சனை முடிந்ததா? முழுசா இல்லை. விலைக்குக் கடிவாளம் போடலாம், அதனால் கூடுதலாக ஒரு யூனிட்கூட உற்பத்தியாகாது. அந்த விலைக்குக் கிடைக்கவில்லை என்றால் மிச்சம் இருப்பது பவர் கட்.

பவர் கட் எல்லாருக்கும் சமமா?

அதுவும் இல்லை. 2008 நவம்பரில் தமிழ்நாட்டில் பெரிய தொழிற்சாலைகளுக்கு 40 சதவீத மின்வெட்டு வந்தது. கட்டுப்பாடுகள் முழுமையாக விலக 2015 ஆனது. 2012-ல் சென்னையில் ஒன்றிரண்டு மணி நேரம் கரண்ட் போனபோது, வெளி மாவட்டங்களில் 10 மணி நேரத்துக்கு மேல் போனது. அம்பத்தூர் மாதிரி தொழிற்பேட்டைகளில் ஜெனரேட்டர் வாங்க முடிந்த பட்டறை டீசல் போட்டு ஓடியது, முடியாத பட்டறை ஷட்டரை இறக்கியது. விலையை ஏற்றாமல் சப்ளையை வெட்டினாலும் சுமை சமமாக விழவில்லை.

மலிவு விலைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. வாரியங்கள் நஷ்டத்தில் ஓடக் கூடாது என்பது 1948 சட்டத்தின் நோக்கங்களில் ஒன்று. நடைமுறையில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே விழுந்த பள்ளம் கடனாக மாறியது. தமிழ்நாடு மின்வாரியத்தின் கடன் 1 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. அதற்கான வட்டியும் சுற்றி வளைத்து மக்கள் தலையில்தான்.

அடுத்து என்ன?

நேரத்துக்கு ஒரு விலை என்பது தொழிற்சாலைகளுக்கு ஏற்கெனவே இருக்கிறது. பீக் ஹவரில் கூடுதல் கட்டணம் கட்டுகிறார்கள். 2023 ஜூனில் மத்திய அரசு வெளியிட்ட விதிகள், ஸ்மார்ட் மீட்டர் வந்த பிறகு விவசாயம் தவிர மற்ற இணைப்புகளுக்கும் இதைக் கொண்டுபோகச் சொல்கின்றன. வெயில் நேரத்தில் சோலார் கரண்ட் அதிகம், அப்போது விலை குறைவு. இரவு உச்ச நேரத்தில் விலை கூடுதல்.

வாஷிங் மெஷினை மதியத்துக்கு மாற்ற முடிந்தவருக்கு இதில் லாபம் உண்டு. காலையில் ரயில் பிடித்து, இரவு 8 மணிக்கு நெமிலிச்சேரியில் இறங்குபவர் ஃபேனை எந்த நேரத்துக்கு மாற்றுவார்? 1943-ல் அம்பேத்கர் வைத்த அளவுகோலை இங்கேயும் வைத்துப் பார்க்கலாம். இந்த ஏற்பாட்டில் கரண்ட் மலிவாகுமா, தாராளமாகுமா, யாருக்கு?

புதிய கட்டண மனு வரும்போது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தில் பொதுமக்கள் ஆட்சேபனை தெரிவிக்கலாம். அதற்கு வக்கீல் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நெமிலிச்சேரி இரவு 8 மணிக் கணக்கை அங்கே எழுதிக் கொடுக்க, அங்கே வசிப்பவரைத் தவிர வேறு யாரும் வரப்போவதில்லை.