இரும்புக் குழாய் சொன்ன இரகசியம்

நம்முடைய காரிலும் மோட்டார் சைக்கிளிலும் சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றுகிறோமே ஓர் எண்ணெய், அதற்கு நாம் வைத்திருக்கும் பெயரை என்றாவது யோசித்துப் பார்த்ததுண்டா? மலாயில் 'மிஞ்ஞாக் ஹித்தாம்'. நம் வீடுகளில் கறுப்பு எண்ணெய். புட்டியைத் திறந்து ஊற்றும்போது தேன் நிறத்தில் இருக்கும் ஒன்றை, பயன்படுத்தி முடித்த பிறகு அது அடையும் நிறத்தை வைத்து அழைக்கிறோம். கிள்ளானில் என் அப்பா ஒரு சிறிய மோட்டார் பட்டறை வைத்திருக்கிறார். பள்ளி விடுமுறைகளில் என் வேலை, எண்ணெய் வடிக்கும் போல்ட்டில் இருக்கும் செப்பு வாஷரைக் கழற்றித் துடைத்து அப்பாவிடம் கொடுப்பது. அவர் அதை எளிதில் வீசமாட்டார். நெருப்பில் சிவக்கப் பழுக்க வைத்துத் தண்ணீரில் போடுவார். இறுகிப்போன செம்பு மீண்டும் மிருதுவாகிவிடும். முடுக்கினால் ஒரு சொட்டு எண்ணெய்கூடக் கசியாது. இதில் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

இப்போது நான் இரசாயனப் பொறியியல் மாணவன். பிரிக்பீல்ட்ஸில் நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கிப் படிக்கிறேன். அந்தத் தேன் நிற எண்ணெயின் பெரும்பகுதியான அடிப்படை எண்ணெய் எப்படித் தயாராகிறது என்பதைப் பாடத்தில் படித்தபோதுதான் ஒரு மனிதரின் பெயர் எதிர்ப்பட்டது. பாடநூலில் அவருக்குக் கிடைத்த இடம் ஒன்றரை வரி. அவருடைய வாழ்க்கையோ ஒரு பெரிய நாவலுக்குப் போதுமானது. அவர்தான் விளாதிமிர் இபாத்தியேவ்.

1867-ஆம் ஆண்டு மாஸ்கோவில் பிறந்தார். தந்தையார் ஒரு கட்டடக் கலைஞர். மகன் சேர்ந்ததோ இராணுவப் பள்ளியில். பிறகு செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த பீரங்கிப் படைக் கல்விக்கழகத்தில் பயின்று 1892-இல் தேறினார். பீரங்கிக்கும் இரசாயனத்திற்கும் என்ன உறவு என்று கேட்கலாம். வெடிமருந்து இரசாயனம்; பீரங்கிக் குழாய் உலோகவியல். இரண்டையும் அறியாத பீரங்கி அதிகாரி பாதி அதிகாரிதான். இளைஞர் இபாத்தியேவுக்கு இரசாயனத்தின் மீதே காதல் அதிகம். ஜெர்மனியின் மியூனிக் நகருக்குச் சென்று புகழ்பெற்ற பேயரிடம் ஆய்வு செய்தார். இரப்பருக்கு மூலமான ஐசோப்ரீன் என்னும் பொருளின் அமைப்பைக் கண்டறிந்ததில் அவருக்குப் பங்குண்டு. இரப்பர்த் தோட்டத்து மக்களின் வழிவந்த நாம் இதை ஒரு நிமிடம் நின்று கவனிக்கலாம்!

நாடு திரும்பியவர், 1900-ஆம் ஆண்டை ஒட்டி ஒரு சாதாரண சோதனையில் இறங்கினார். சாராய வகைப் பொருள் ஒன்றின் ஆவியைச் சூடான குழாய் வழியே அனுப்பினால் வெப்பம் அதை எப்படிச் சிதைக்கும் என்று பார்ப்பதே நோக்கம். இரும்புக் குழாயில் அனுப்பியபோது ஆல்டிஹைடும் ஹைட்ரஜனும் வெளிவந்தன. கண்ணாடிக் குழாயில் அனுப்பினால் அந்த அளவுக்கு எதுவும் நிகழவில்லை. கிராஃபைட் குழாயில் அனுப்பியபோது வேறொரு விளைபொருள்! வெப்பம் ஒன்றே, ஆவி ஒன்றே; குழாய் மாறினால் விளைவு மாறுகிறது. வேறொருவராக இருந்தால் குழாயில் அழுக்கு என்று சலித்துக்கொண்டு சோதனையை மூடியிருப்பார். இவரோ குழாயைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி விசாரித்தார். வேலையைச் செய்தது வெப்பம் மட்டுமல்ல, குழாயின் சுவரும்தான் என்று தெளிந்தார். கிராஃபைட்டில் கலந்திருந்த களிமண்ணிலுள்ள அலுமினாதான் அந்த வேறு விளைவுக்குக் காரணம் என்பதையும் தேடிப் பிடித்தார். இன்று உலகெங்கும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் டன் கணக்கில் பயன்படும் அதே அலுமினா.

தானே செலவழிந்துவிடாமல் வேறு பொருள்களின் வினையை விரைவுபடுத்தும் இத்தகைய பொருளுக்கு வினையூக்கி என்று பெயர். எனக்கு இந்தச் சொல் தாமதமாகத்தான் அறிமுகமாயிற்று. இடைநிலைப்பள்ளியில் படித்தது 'மங்கின்'. அதே வகுப்பில்தான், செம்பனை எண்ணெயில் நிக்கலை வைத்து ஹைட்ரஜனைச் சேர்த்தால் மார்ஜரின் ஆகும் என்றும் மனப்பாடம் செய்தோம். அந்த நிக்கல் வித்தைக்கு முன்னோடி பிரான்சு நாட்டவர் பால் சபாத்தியே. அவருக்கு 1912-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் சபாத்தியே வேலை செய்தது சாதாரணக் காற்றழுத்தத்தில். இபாத்தியேவோ பீரங்கிக்காரர் ஆயிற்றே! அழுத்தத்தைக் கூட்டினால் என்ன ஆகும் என்பது அவருக்கு இயல்பாகவே எழுந்த கேள்வி.

கண்ணாடிப் பாத்திரம் அதற்கு உதவாது. தடித்த எஃகில் ஒரு கலத்தைச் செய்வித்தார். இரசாயன உலகம் அதற்கு வைத்த செல்லப்பெயர் 'இபாத்தியேவின் வெடிகுண்டு'. காற்றழுத்தத்தைப் போல் 400 மடங்கு அழுத்தமும் 400 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பமும் ஒருங்கே தாங்க வேண்டும். எஃகு தாங்கிவிடும், மூடி தாங்குமா? ஹைட்ரஜன் அணுக்கள் மிகச் சிறியவை. எந்த இடுக்கிலும் நழுவி ஓடும். பழுக்கக் காய்ச்சி மிருதுவாக்கிய செப்பு வளையம் ஒன்றை மூடிக்கு அடியில் வைத்து முடுக்கி அந்த ஓட்டத்தை அடைத்தார். இந்தக் கலத்துக்குள் பென்சீன், நாப்தலீன் போன்ற வளையப் பொருள்கள் எல்லாம் ஹைட்ரஜனை ஏற்றுக்கொண்டன.

இன்னும் ஒன்று செய்தார். என் பார்வையில் அவருடைய மிகப் பெரிய யோசனை அதுதான். ஒரு வினையூக்கி ஹைட்ரஜனைச் சேர்க்கிறது. இன்னொன்று மூலக்கூறிலிருந்து நீரை அகற்றுகிறது. இரண்டையும் கலந்து ஒரே கலத்தில் போட்டால்? 1910-களின் தொடக்கத்தில் நிக்கல் ஆக்சைடையும் அலுமினாவையும் சேர்த்து, நம் பூசை அறையில் இருக்கும் கற்பூரத்தை ஒரே மூச்சில் வேறொரு பொருளாக்கிக் காட்டினார். ஒரே வீட்டில் இருவர் சமைப்பது போல; ஒருவர் அரிய, ஒருவர் தாளிக்க.

இனி எண்ணெய்ப் புட்டிக்கு வருவோம். கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்து, பெட்ரோல், டீசல் எல்லாம் பிரிந்த பின், எஞ்சியதை வெற்றிடத்தில் மறுபடியும் வடித்தால் கனமான எண்ணெய் கிடைக்கும். அதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. கந்தகமும் நைட்ரஜனும் எண்ணெயை விரைவில் கெடுக்கும். இரட்டைப் பிணைப்புள்ள வளைய மூலக்கூறுகள் சூட்டில் சட்டென்று நீர்த்துப்போகும்; காற்றுப் பட்டால் கசடாகும். நேரான நீண்ட சங்கிலிகள் குளிரில் மெழுகாக உறையும். பழைய முறையில், கரைப்பான் ஊற்றி வளையங்களைப் பிரித்தெடுத்தார்கள். குளிரூட்டி மெழுகை வடிகட்டினார்கள். அதாவது, கெட்டதை வெளியேற்றினார்கள்.

ஹைட்ரஜன் முறையின் தத்துவமே வேறு. கெட்டதை வெளியேற்றுவதற்குப் பதிலாக நல்லதாக மாற்றுவது. முதற்கட்டத்தில், காற்றழுத்தத்தைப் போல் 100 முதல் 200 மடங்கு அழுத்தத்தில், 400 பாகையை ஒட்டிய வெப்பத்தில், நிக்கலோடு மாலிப்டினம் அல்லது டங்ஸ்டன் ஏற்றிய அலுமினா மணிகளின் மீது எண்ணெயும் ஹைட்ரஜனும் சேர்ந்து இறங்குகின்றன. கந்தகம் ஹைட்ரஜன் சல்பைடாகவும் நைட்ரஜன் அம்மோனியாவாகவும் பிரிந்து போகின்றன. வளையங்கள் ஹைட்ரஜனை ஏற்று நிறைவடைகின்றன. சில வளையங்கள் பிளந்து சங்கிலியாகின்றன. இரண்டாம் கட்டத்தில், நுண்துளைகள் கொண்ட வினையூக்கி ஒன்றில் பிளாட்டினம் தூவி, மெழுகுச் சங்கிலிகளில் கிளை முளைக்கச் செய்கிறார்கள். கிளைத்த சங்கிலி குளிரில் அடுக்கி உறையாது; ஆனால் அதன் மசகுத் தன்மை போகாது. மூன்றாம் கட்டத்தில் சற்றுக் குறைந்த வெப்பத்தில் இன்னொரு முறை ஹைட்ரஜன். எண்ணெய் ஏறத்தாழத் தண்ணீர் போலத் தெளிந்து வரும். பட்டறையில் நான் பார்த்த தேன் நிறத்துக்குக் காரணம் பெரும்பாலும் பிறகு சேர்க்கும் கலவைப் பொருள்களே.

ஒரு துளைக்குள் அமிலத் தன்மையும் பிளாட்டினமும் கூடி இரு வேலை செய்வது, கற்பூரச் சோதனையின் பேரப்பிள்ளை என்று சொன்னால் தவறில்லை. அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் வகைப்பாட்டில், நிறைவுற்ற மூலக்கூறுகள் 90 விழுக்காட்டுக்குக் குறையாமலும், கந்தகம் 0.03 விழுக்காட்டுக்கு மிகாமலும், வெப்பத்தில் எண்ணெய் நீர்க்காமல் நிற்கும் திறனைக் காட்டும் பாகுநிலைக் குறியெண் 120-க்குக் குறையாமலும் இருந்தால் அது மூன்றாம் வகை. அந்த மூன்றாம் வகை எண்ணெயை நம் நாட்டில் மலாக்காவில் பெட்ரோனாஸ் தயாரிக்கிறது.

இபாத்தியேவ் இதையெல்லாம் பார்க்கவில்லை. 1914-இல் போர் மூண்டது. ஒரு மகனை அந்தப் போர் பலி கொண்டது. தந்தையோ நாட்டின் இரசாயனக் குழுவுக்குத் தலைவராகி, வெடிமருந்துக்கு வேண்டிய பென்சீனையும், நச்சுப்புகைக்கு எதிரான முகமூடிகளையும் திரட்டும் பொறுப்பைச் சுமந்தார். 1917-இல் புரட்சி. ஜாரின் படைத் தளபதியாக இருந்தவர், கம்யூனிஸ்டும் அல்லர். ஓடியிருக்கலாம், ஓடவில்லை. ஆட்சி யாருடையதானாலும் நாடு தன்னுடையது என்று எண்ணியவர். லெனின் அரசு அவரை மதித்து இரசாயனத் தொழில்துறையின் தலைமையைக் கொடுத்தது. 1918-இல் ஜார் மன்னரின் குடும்பம் கொல்லப்பட்ட யெக்காத்தெரின்பர்க் வீடு இவருடைய தம்பி நிக்கோலாயிடமிருந்து அரசு எடுத்துக்கொண்டது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். தம்பியின் வீட்டில் அந்த இரத்தம். அண்ணனுக்கு அரசாங்கப் பதவி.

லெனினுக்குப் பின் காற்று மாறியது. 1927-இல் லெனின் பரிசு தந்த அதே அரசு, 1929-இல் அவருடன் பணியாற்றியவர்களைக் கைது செய்யத் தொடங்கியது. 1930-ஆம் ஆண்டு பெர்லினில் நடந்த மாநாட்டுக்கு மனைவியோடு சென்றவர், தொண்டைச் சிகிச்சைக்கு அனுமதி வாங்கி வெளியே தங்கினார். திரும்பவே இல்லை. மகன் ஒருவர் ரஷ்யாவிலேயே இருந்தார்.

சிக்காகோவில் யுனிவர்சல் ஆயில் புராடக்ட்ஸ் என்ற நிறுவனமும் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகமும் அவருக்கு இடம் கொடுத்தன. வயது 63. ஆங்கிலம் சரளமாக வராது. தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்து தேசிய இடைநிலைப்பள்ளியின் புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார்ந்தவன் என்ற முறையில், இந்த இடம் எனக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் புரிகிறது. எனக்கு அப்போது வயது 13. பதில் தெரிந்தும் மொழி வராமல் கையைத் தூக்காமல் இருந்த நாள்கள் உண்டு. தளபதியாகவும் கல்விக்கழக உறுப்பினராகவும் இருந்த ஒருவர் 63 வயதில் அந்த இருக்கையில் மறுபடியும் உட்கார்ந்தார்.

உட்கார்ந்தவர் சும்மா இருக்கவில்லை. எதனோடும் வினைபுரியாது என்று பாடநூல்கள் ஒதுக்கிவைத்த பாரஃபின் வகைப் பொருள்களைத் தாழ்ந்த வெப்பத்திலேயே வினைபுரிய வைக்கலாம் என்று 1930-களில் தம் உதவியாளர் ஹெர்மன் பைன்ஸுடன் சேர்ந்து நிரூபித்தார். இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டு விமானங்களை இயக்கிய உயர்தரப் பெட்ரோலுக்கு அந்த ஆய்வு வழிவகுத்தது. அவரிடம் முனைவர் பட்டத்துக்குப் பயின்ற விளாதிமிர் ஹேன்செல், அலுமினாவில் பிளாட்டினம் ஏற்றிய வினையூக்கியால் பெட்ரோலின் தரத்தை உயர்த்தும் முறையை உருவாக்கினார். அது 1949-இல் தொழிலுக்கு வந்தது. அதில் ஹைட்ரஜன் உபரியாகக் கிடைத்தது. அதுவரை விலை கொடுத்துத் தயாரிக்க வேண்டியிருந்த ஹைட்ரஜன் ஆலைக்குள்ளேயே கிடைக்கத் தொடங்கிய பிறகுதான், எண்ணெய்களை ஹைட்ரஜனால் சுத்தப்படுத்துவது பரவலாயிற்று. குருவின் கலத்துக்கு மாணவர் தீனி கொடுத்தார் எனலாம்.

இதற்கிடையில் தாய்நாடு தன் கணக்கைத் தீர்த்துக்கொண்டது. 1936-இன் இறுதியில் சோவியத் அறிவியல் கழகம் அவரை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கியது. அடுத்துக் குடியுரிமையும் பறிபோனது. லெனின்கிராடில் இரசாயன ஆய்வாளராக இருந்த மகன் விளாதிமிர், தந்தையைப் பகிரங்கமாகக் கைவிட்டார். அந்த மகனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த ஆண்டுகளில் அங்கே உயிரோடு இருப்பதற்குக் கேட்கப்பட்ட விலை அது. தந்தையும் திரும்பி வருகிறேன் என்று சொல்லவில்லை. ரஷ்யாவை வெறுக்கவும் இல்லை. 1946-இல் வெளியான அவருடைய தன்வரலாற்று நூலின் பெரும்பகுதி ரஷ்யாவைப் பற்றியதே.

அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் 1939-இல் அவரை உறுப்பினராக்கியது. நோபல் பரிசு மட்டும் கிடைக்கவே இல்லை. உயர் அழுத்த இரசாயனத்துக்காக 1931-இல் அந்தப் பரிசு பாஷ், பெர்கியுஸ் என்ற இரு ஜெர்மானியர்களுக்குப் போனது. அவர்கள் பெரிய ஆலைகளைக் கட்டினார்கள், தகுதியானவர்கள்தாம். என்றாலும் அந்த அழுத்தக் கலத்தின் கதையை யாரிடமிருந்து தொடங்குவது என்று கேட்டால் நான் இபாத்தியேவிடமிருந்துதான் தொடங்குவேன்.

1952 நவம்பர் 29-ஆம் நாள், 85-ஆம் வயதில் சிக்காகோவில் காலமானார். 38 ஆண்டுகள் கழித்து, 1990-இல், சோவியத் அறிவியல் கழகம் அவருடைய உறுப்பினர் தகுதியைத் திரும்ப அளித்தது.

சென்ற விடுமுறையில் இந்தக் கதையை அப்பாவிடம் சொன்னேன். ஜார், லெனின், நோபல் எதற்கும் அவர் முகம் மாறவில்லை. எஃகுக் கலம் என்றதும் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். 400 மடங்கு அழுத்தத்தில் மூடி கசியாமல் இருக்க அந்த ஆள் என்ன வாஷர் போட்டார் என்று கேட்டார். பழுக்கக் காய்ச்சிய செம்பு என்றேன். அப்பா தலையை ஆட்டிக்கொண்டு, துணியில் துடைத்து வைத்திருந்த வாஷரை எடுத்து நெருப்பில் காட்டினார்.