இரவல் இறகும் சொந்த அணியும்

உடை என்பது உடலை மறைத்தற்கு மாத்திரம் உரியதன்று. உடுத்தவர் இன்னார் என்பதனை வாய்திறவாமலே ஊருக்கு உணர்த்துவதும் அதுவே. ஆதலின், பிறருடைய கோலத்தை ஆராயாது மேற்கொள்பவன் துணியை மாத்திரம் இரவல் பெறுவதில்லை. ஓரளவிற்குத் தன் முகத்தையும் இரவலாகப் பெற்றுவிடுகின்றான். இவ்வுண்மையை இலங்கை மக்களுக்கு நூறாண்டுகளுக்கு முன்னரே எடுத்துரைத்தவர் ஆனந்த குமாரசுவாமி. சிவதாண்டவத்தின் பொருளை மேனாட்டாருக்கு விளக்கிய கலைஞானியாக அவரைப் பலரும் அறிவர். உடையும் கோலமும் பற்றி அவர் கொண்ட சிந்தனையை அறிந்தோர் சிலரே. அதனை இங்கே சொல்லப் புகுகின்றேன்.

சொல்வதற்குக் காரணமும் உண்டு. இன்று வடமராட்சியிற் பாரிசு நகரில் உறவினர் இல்லாத ஒழுங்கையைக் காண்பது அரிது. லாச்சப்பல் என்னும் கடைத்தெருவின் பெயர் எங்கள் சிறுவருக்கு நெல்லியடிச் சந்தையின் பெயரைப் போலவே பழக்கமானது. திருமணம் வந்தாற் பொதியும் வருகின்றது. பாரிசிலிருந்து வந்தது என்ற ஒரு சொல்லே ஓர் உடைக்குப் போதிய பெருமையாகிவிடுகின்றது. என்னிடம் தமிழ் பயிலும் மாணவியர் சிலர், எது நாகரிகம், எது நமக்குப் பொருந்தும் என்று தம்முள் வாதிடுவதையும் கேட்டிருக்கின்றேன். அவர்களுடைய ஐயம் புதியதன்று. குமாரசுவாமியின் வாழ்வே அவ்வையத்திற்கு ஒரு விடையாக அமைந்தது.

அவருடைய குலத்தின் வேர் எங்கள் உடுப்பிட்டிக்கு அயலிலுள்ள கெருடாவிலில் உள்ளது. அங்கிருந்து கொழும்பு சென்று வாழ்ந்த ஆறுமுகம்பிள்ளையின் மைந்தர் குமாரசுவாமி முதலியார். அம்முதலியாரின் மைந்தர் சேர் முத்துக்குமாரசுவாமி. இவர் 1863 இல் இலண்டனிற் பாரிஸ்டராகியவர். அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்தில் ஆக்கியவர். எலிசபெத் பீபி என்னும் ஆங்கிலப் பெண்மணியை அவர் மணந்தார். அவ்விருவருக்கும் 1877 ஆம் ஆண்டு ஆவணி மாதம் 22 ஆந் திகதி கொழும்பிற் பிறந்தவரே நம் ஆனந்தர். சேர் பொன். இராமநாதனும் சேர் பொன். அருணாசலமும் இவருக்குத் தந்தை வழி அத்தையின் மைந்தர்கள்.

குழந்தைக்கு இரண்டு வயது நிறையுமுன், 1879 இல் தந்தையார் காலமானார். பிள்ளை இங்கிலாந்தில் தாயின் அரவணைப்பில் வளர்ந்தது. கற்ற பள்ளி ஆங்கிலப் பள்ளி. பேசிய மொழி ஆங்கிலம். உடுத்ததும் ஆங்கிலேயர் உடையே. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நிலவியலும் தாவரவியலும் பயின்று, 1903 இல் இலங்கைக் கனிப்பொருளாய்வுப் பகுதியின் முதல் தலைவராக இங்கு வந்தார். கல்லை ஆராய வந்தவர் கலையைக் கண்டார். மலைநாட்டுக் கிராமங்களில் நெசவாளரும் தட்டாரும் ஓவியரும் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த தொழில்கள் ஆதரிப்பாரின்றி மெலிந்து போவதைக் கண்டு வருந்தினார்.

நகரங்களில் அவர் கண்ட காட்சி வேறு. அக்காலத்தில் மேலுலக மங்கையர் கோலத்துக்குத் தலைநகரம் பாரிசு. வேர்த் என்பவர் அங்கே 1858 இல் உடைமனை ஒன்றை நிறுவிய நாள் தொட்டு, பாரிசில் வெட்டிய அங்கியே உலகிற்கு அளவு என்றாயிற்று. அந்த வேர்த் பிறப்பால் ஆங்கிலேயர் என்பது சுவையான செய்தி. பாரிசிற் பிறந்த கோலம் இலண்டனுக்குச் செல்லும். இலண்டனிலிருந்து கப்பலேறிக் கொழும்புக்கு வரும். இறுக்கிய இடைக்கச்சும், நிலம் பெருக்கும் கவுனும், இறகு செருகிய தொப்பியும் குளிர்நாட்டு மாளிகைக்கு ஏற்றனவாக இருக்கலாம். சித்திரை வெயிலில் அவற்றை அணிவதனால் விளையும் பயன் வியர்வையன்றி வேறு யாது?

1905 இல் ஆனந்தர் கண்டியிற் சிறு நூலொன்றை வெளியிட்டார். இரவல் இறகுகள் என்பது அதன் பெயரின் பொருள். மயிலின் இறகைச் செருகிக்கொண்ட காகத்தின் கதையை அப்பெயர் நினைவூட்டும். தமிழ் கற்ற நமக்கோ மூதுரையில் ஒளவையார் காட்டிய வான்கோழியும் உடன் நினைவுக்கு வரும். அதே ஆண்டில் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கமும் தோன்றிற்று. ஆனந்தர் அதன் தலைவரானார். ஐரோப்பிய வழக்கங்களுள் நமக்கு ஒவ்வாதவற்றைச் சிந்தியாது பின்பற்றுதலைத் தடுத்தல் அச்சங்கத்தின் நோக்கங்களுள் ஒன்று. சிந்தியாது என்னும் சொல்லே இங்கே உயிரானது. அவர் மேனாட்டை வெறுத்தவரல்லர்; மேனாட்டுப் பெருநூல்களில் ஊறியவர். அவர் கண்டித்தது கண்ணை மூடிக்கொண்டு செய்யும் போலியையே.

ஆயினும் ஒரு வினா எழும். தாய்வழி ஆங்கிலேயராகி ஆங்கிலச் சூழலில் வளர்ந்தவர், பிறருடைய இரவலைக் கடிவது எங்ஙனம்? அவர் தலைப்பாகை அணிந்து நிற்கும் நிழற்படங்கள் உள்ளன. அத்தலைப்பாகையும் இரவலே என்று ஒருவர் சொல்லக்கூடும். இதற்கு அவர் சொல்லால் அன்றிச் செயலால் விடை தந்தார் என்பது என் கருத்து. கோலத்தை மாற்றியதோடு அவர் நின்றுவிடவில்லை. துணைவியார் எதெலுடன் ஊர் ஊராகச் சென்று, தறியையும் சாயத்தையும் தையலையும் உலோக வேலையையும் கைவினைஞரிடமே கேட்டறிந்தார். அவ்வுழைப்பின் பயனே மத்தியகாலச் சிங்களக் கலை என்னும் பெருநூல். வில்லியம் மொறிஸ் என்னும் கலைத்தொண்டர் பயன்படுத்திய அச்சுப்பொறியில், 1908 இல், 425 படிகளே அச்சிடப்பெற்ற நூல் அது. உழைத்துத் தேடிப் பெற்ற மரபு இரவலாகாது, அஃது உரிமையாகிவிடும்.

எதெல் அம்மையாரின் கதையும் இங்கே நினைக்கத்தக்கது. பின்னர் அவர் ஆனந்தரைப் பிரிந்து இங்கிலாந்தில் வாழ்ந்தார். 1916 இல் தாவரச் சாயங்கள் பற்றி நூல் எழுதி, கைத்தறி நெசவிற் புகழ்பெற்ற ஆசானாக விளங்கினார்.  நூலையும் நிறத்தையும் அறிந்து தாமே நெய்தார்.

இதற்கிடையிற் பாரிசில் நிகழ்ந்தது யாது? 1910 ஐ ஒட்டிய ஆண்டுகளிற் புவாறே என்னும் உடைக்கலைஞர் இடைக்கச்சைக் கைவிட்டு, கீழ்நாட்டுத் தலைப்பாகையையும் தளர்ந்த காற்சட்டையையும் பிரெஞ்சு மங்கையருக்கு அணிவித்தார். நாம் பாரிசைப் பார்த்து நிற்க, பாரிசு கிழக்கைப் பார்த்து நின்றது! எனினும் ஒரு வேற்றுமை உண்டு. அவர் பெற்றதைத் தம் கத்தரிக்கோலாற் புதிதாக்கினார். நம்மவர் பெற்றதைப் பெற்றவாறே அணிந்தனர்.

ஆனந்தர் 1917 இல் அமெரிக்காவிலுள்ள பொஸ்ரன் நுண்கலைக் காட்சிச்சாலையில் இந்தியக் கலைப்பகுதியின் பொறுப்பை ஏற்று, இறுதிவரை அங்கேயே பணியாற்றினார். முதுமைப் படங்களில் மேனாட்டுக் கோட்டும் கழுத்துப்பட்டியுமாகக் காட்சி தருகின்றார். இதனை முரண் என்பாருமுண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. இளமையில் தலைப்பாகை ஒரு கொடியாக வேண்டியிருந்தது. முதுமையில் அவர் எழுதிய ஒவ்வொரு பக்கமும் அவர் யாரென்று சொல்லியது, கொடி வேண்டியிருக்கவில்லை.

அவர் 1939 இல் அணி பற்றி எழுதிய கட்டுரை தமிழாசிரியனாகிய எனக்கு மிக உவப்பானது. அலங்காரம் என்னும் வடசொல்லில் உள்ள அலம் என்பதற்குப் போதியது, நிறைவுற்றது என்று பொருள். ஆகவே அலங்கரித்தல் என்பது ஒன்றைத் தன் தொழிலுக்குப் போதியதாக நிறைவு செய்தலாம். மேலே ஒட்டும் மினுக்கு அன்று. இக்கருத்தை அவர் பல மொழிச் சொற்களைக் கொண்டு நிறுவினார். தமிழிலும் அணி என்பது நகையை மாத்திரம் குறிப்பதன்று. படையின் ஒழுங்கும் அணியே. செய்யுளின் சிறப்பும் அணியே. படைக்கு அணி வெறும் பகட்டானால் தோல்வி; பாட்டுக்கு அணி வெறும் பகட்டானாற் சொற்குப்பை. உடைக்கும் அஃது ஒக்கும்.

தனக்கென ஒரு பாணி வேண்டும் என்று இன்று யாவரும் விரும்புகின்றனர். ஆனந்தரோ, பழைய சிற்பியர் தம் பெயரையும் பொறியாது பணி செய்தமையைப் போற்றியவர். தனிப்பாணியைத் தேடி அலைந்தவர்களல்லர் அவர்கள். செய்வதைச் செவ்வனே செய்தார்கள், பாணி தானே வந்து பொருந்தியது. என் மாணவியருக்கு நான் சொல்லக்கூடியதும் இதுவே. துணி பாரிசிலிருந்து வரலாம், காஞ்சியிலிருந்தும் வரலாம். நம் வெயிலுக்கும் நம் நடைக்கும் நாம் செய்யும் தொழிலுக்கும் அது போதுமா என்று கேட்டுத் தெளிந்து அணிந்தால், அது நமதாகும்.

ஆனந்த குமாரசுவாமி 1947 ஆம் ஆண்டு புரட்டாதி மாதம் 9 ஆந் திகதி, இந்தியாவுக்குத் திரும்பித் தவவாழ்வு வாழ எண்ணியிருந்த வேளையில், அமெரிக்க மண்ணில் தமது எழுபதாவது வயதிற் காலமானார். கெருடாவிலில் வேரூன்றி, கொழும்பில் முளைத்து, இங்கிலாந்தில் வளர்ந்து, அமெரிக்காவிற் கனிந்த வாழ்வு அது. எந்த ஊரில் இருந்தபோதும் அவர் அணிந்திருந்த சிறந்த அணி அவருடைய அறிவு. அது யாரிடமும் இரவல் பெற்றதன்று.