கடைசிப் பொறி வரை ஜாக் பிலிப்ஸ்

நான் பாலிடெக்னிக்கில் மின்பொறியியல் படிக்கிறேன். அமெச்சூர் வானொலி என் பொழுதுபோக்கு. கடந்த ஆண்டு, பழைய வால்வு டிரான்ஸ்மிட்டர் ஒன்றைப் பழுது பார்க்கத் திறந்தேன். சுவிட்சை நிறுத்தி, பிளக்கையும் பிடுங்கிவிட்டேன். இனி பயமில்லை என்று கையை உள்ளே விட்டேன். மின்தேக்கியில் தங்கியிருந்த மின்னூட்டம் என்னைத் தூக்கி அடித்தது. கை வெகுநேரம் மரத்துக் கிடந்தது.

விரிவுரையாளர் திட்டவில்லை. டைட்டானிக் கப்பலின் கம்பியில்லாத் தந்தி இயக்குநர் ஜாக் பிலிப்ஸைப் பற்றிப் படித்துவிட்டு வரச் சொன்னார். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பிலிப்ஸ் 1887 ஏப்ரல் 11இல் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில், ஃபார்ன்கோம் என்னும் சிற்றூரில் பிறந்தார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் அருகிலுள்ள கோடால்மிங் அஞ்சலகத்தில் சேர்ந்து தந்தி அடிக்கக் கற்றார். 1906இல் மார்க்கோனி நிறுவனத்தில் பயிற்சி பெற்றுக் கப்பல்களில் பணியாற்றினார். 1908 முதல் சில ஆண்டுகள் அயர்லாந்தின் கிளிஃப்டன் நிலையத்தில் இருந்தார். அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் செய்தி அனுப்பிய அந்த நிலையம் ஆயிரக்கணக்கான வோல்ட்டில் இயங்கியது. உயர் மின்னழுத்தம் அவருக்குப் புதிதல்ல.

1912 ஏப்ரலில் டைட்டானிக்கின் தலைமை இயக்குநரானார். துணைக்கு 22 வயது ஹெரால்ட் பிரைட். கப்பல் குவீன்ஸ்டவுன் துறைமுகத்தைத் தொட்ட நாளில் பிலிப்ஸுக்கு 25 வயது நிறைந்தது.

விபத்துக்குச் சற்று முன்னர் ஓர் இரவில், 5 கிலோவாட் பிரதான கருவி பழுதானது. கரை சேரும் வரை மின்கலத்தில் இயங்கும் சிறிய அவசரக் கருவியைக் கொண்டு சமாளிக்க வேண்டும் என்பதே நிறுவன விதி. அதை மீறி இருவரும் பல மணி நேரம் பழுதைத் தேடினர். மின்மாற்றியின் உயர் மின்னழுத்தக் கம்பிகள் காப்புறை கருகி, இரும்பு போல்ட்டுகளில் பட்டு மின்கசிவு ஏற்பட்டிருந்தது. ரப்பர் நாடா சுற்றிச் சரிசெய்தனர்.

அதற்குள் பயணிகளின் தந்திகள் மலைபோல் குவிந்துவிட்டன. ஏப்ரல் 14 இரவு பிலிப்ஸ் அவற்றை அனுப்பிக்கொண்டிருந்தபோது, அருகிலிருந்த கலிஃபோர்னியன் கப்பல் பனிக்கட்டியைப் பற்றிச் சொல்லக் குறுக்கிட்டது. பிலிப்ஸ் அதைக் கடிந்து நிறுத்தினார். சற்று நேரத்தில் அந்தக் கப்பலின் இயக்குநர் கருவியை நிறுத்திவிட்டு உறங்கச் சென்றார். இரவு 11.40க்கு டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது. பிலிப்ஸின் வாழ்வில் என்னை அதிகம் உறுத்தும் இடம் இதுதான்.

நள்ளிரவு தாண்டியதும் பிலிப்ஸ் அபாயக் குறியை அனுப்பத் தொடங்கினார். 58 மைல் தொலைவிலிருந்த கார்பேத்தியா கப்பல் அதைக் கேட்டுத் திரும்பியது. அன்று பழுது நீக்கப்படாமல் இருந்திருந்தால், சிறிய கருவியின் குரல் எத்தனை கப்பல்களை எட்டியிருக்கும்?

ஆனால் பிலிப்ஸ் தனியாக எதையும் சாதிக்கவில்லை. கீழே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தபோதும் பொறியாளர்கள் மின்சாரத்தை நிற்கவிடவில்லை. அவர்களில் ஒருவர்கூட உயிர் தப்பவில்லை. கேப்டன் பணியிலிருந்து விடுவித்த பிறகும் பிலிப்ஸ் விசையை விடவில்லை. பிரைட்தான் அவருக்கு உயிர்காப்பு அங்கியை மாட்டிவிட்டார். மின்சாரம் தளர்ந்து பொறி மங்கும்வரை அனுப்பினார். 2.20க்குக் கப்பல் மூழ்கியது. பிரைட் பிழைத்தார். பிலிப்ஸின் உடல்கூடக் கிடைக்கவில்லை. கார்பேத்தியா 700க்கும் மேற்பட்டோரைக் காப்பாற்றியது.

அதே இரவில் வேல்ஸ் நாட்டின் ஒரு மாவு ஆலையில், ஆர்ட்டி மூர் என்ற அமெச்சூர், தாமே செய்த கருவியில் அந்த அபாயக் குறியைக் கேட்டார். ஆலையின் நீர்ச்சக்கரத்தைக் கொண்டு மின்கலங்களுக்கு மின்னேற்றியவர் அவர். உள்ளூர்க் காவல் நிலையத்தில் சொன்னபோது யாரும் நம்பவில்லை. பின்னர் உருவான கடல் பாதுகாப்பு விதிகள், கப்பல் வானொலிக்குத் தனியான அவசர மின்மூலத்தையும் 24 மணி நேரக் கண்காணிப்பையும் வலியுறுத்தின.

இப்போது கருவியைத் திறக்குமுன் பிளக்கைப் பிடுங்கிக் காத்திருக்கிறேன். மின்தடை பொருத்திய, காப்பிட்ட கோலால் மின்தேக்கியை வெறுமையாக்கி, மீட்டரால் அளந்து உறுதி செய்கிறேன். உடன் ஒருவர் இல்லாமல் தொடுவதில்லை. அவசர மின்கலத்தின் முனையருகே ஃபியூஸ் உண்டு. மாதம் ஒருமுறை கருவியை அதில் இயக்கிப் பார்க்கிறேன். ஜெனரேட்டரை வீட்டுக்கு வெளியேதான் வைப்பேன். அதை வீட்டுச் சுவர் சாக்கெட்டில் ஒருபோதும் செருகமாட்டேன். அந்த மின்சாரம் தெருக் கம்பிக்குப் பாய்ந்து, அங்கே பழுது பார்க்கும் ஊழியரைக் கொன்றுவிடலாம்.

கோடால்மிங்கில் பிலிப்ஸின் நினைவாக ஒரு மண்டபம் இருக்கிறது. அங்கே போக எனக்கு இன்னும் வாய்க்கவில்லை. ஆனால் நான் பேசிக்கொண்டிருக்கும்போது வேறொருவர் குறுக்கிட்டால், இப்போதெல்லாம் முதலில் அவர் சொல்வதைக் கேட்கிறேன்.