பென்ஃபிகாவின் யூசேபியோ: ஆடி முடித்த பிறகும் அணியோடு

மாலை ஆனால் நம் வளாகத்தில் பந்து உதைக்க இறங்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் முதுகில் ரொனால்டோ பெயர் இருக்கிறது. அந்த ரொனால்டோ பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே, போர்ச்சுகல் என்ற சிறிய நாட்டை உலகம் திரும்பிப் பார்க்கக் காரணமாக இருந்தவர் ஒருவர். பெயர் யூசேபியோ. அவர் ஆடிய காலத்தைப் போலவே, ஆட்டத்தை விட்ட பிறகு தன் பழைய கிளப்பின் தூதராக வாழ்ந்த காலமும் சொல்ல வேண்டிய கதைதான்.

1942 ஜனவரி 25 அன்று மொசாம்பிக்கில் பிறந்தார். அப்போது அது போர்ச்சுகலின் காலனி. இன்று மாப்புட்டோ என்று சொல்லும் ஊருக்கு அன்று லொரென்சோ மார்க்கெஸ் என்று பெயர். அதன் ஓரத்தில் தகரக் கூரை வீடுகள் நெருக்கியடித்த மஃபலாலா என்ற பகுதிதான் அவர் வளர்ந்த இடம். அப்பா அங்கோலாவிலிருந்து வந்த வெள்ளைக்கார ரயில்வே தொழிலாளி. பையனுக்கு எட்டு வயதாகும்போது டெட்டனஸ் கண்டு இறந்துபோனார். அம்மா எலிசாதான் எல்லாப் பிள்ளைகளையும் கரையேற்றினார். காலுறைக்குள் செய்தித்தாளைத் திணித்துச் சுருட்டிய பந்து, வெறுங்கால், புழுதி. இதுதான் அவருடைய பயிற்சி மையம்.

உள்ளூரில் அவர் ஆடியது ஸ்போர்ட்டிங் கிளப்பின் கிளை அணியில். லிஸ்பனில் ஸ்போர்ட்டிங்கும் பென்ஃபிகாவும் பரம வைரிகள். பென்ஃபிகாவின் பயிற்சியாளர் பெலா குட்மனின் காதில் இந்தப் பையனைப் பற்றிய சேதி ஒரு சலூனில் முடிவெட்டிக்கொள்ளும்போது விழுந்ததாம். 1960 டிசம்பரில் யூசேபியோ லிஸ்பன் வந்து இறங்கினார். ஸ்போர்ட்டிங்காரர்கள் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயந்து, தகவல் பரிமாற்றத்தில் அவருக்கு ரூத் மலோசோ என்று பெண் பெயர் சூட்டி, பிறகு தெற்குக் கடற்கரையில் ஒரு விடுதியில் ஒளித்து வைத்தார்கள். சினிமாவில் வந்தால் நம்ப மாட்டோம். பையனிடம் அம்மா கொடுத்தனுப்பிய கடிதம் ஒன்று இருந்தது. அதே மொசாம்பிக்கிலிருந்து முன்பே வந்து பென்ஃபிகாவில் நிலைத்துவிட்ட மாரியோ கொலூனாவுக்கு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி எழுதியது. கொலூனா பார்த்துக்கொண்டார்.

1962இல் ஆம்ஸ்டர்டாமில் ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டம். எதிரே டி ஸ்டெஃபானோவும் புஷ்காஷும் ஆடிய ரியல் மாட்ரிட். பென்ஃபிகா 5-3 என வென்றது. இருபது வயது யூசேபியோ இரண்டு கோல். ஆட்டம் முடிந்ததும் கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. அவர் கவலை எல்லாம் தன் இளமைக்கால நாயகன் டி ஸ்டெஃபானோவிடம் வாங்கிய சட்டையைப் பற்றித்தான். அதை யாரும் பிடுங்கிவிடாமல் கால்சட்டைக்குள் செருகிக்கொண்டு வெளியேறினார்.

1966 உலகக் கோப்பைக் கால் இறுதியில் வட கொரியா 25 நிமிடத்தில் மூன்று கோல் போட்டுவிட்டது. யூசேபியோ அடுத்தடுத்து நான்கு கோல் போட்டார்; ஆட்டம் 5-3 என முடிந்தது. அரையிறுதியில் இங்கிலாந்திடம் தோற்று, அழுதுகொண்டே வெளியேறினார். ஆனாலும் ஒன்பது கோலுடன் அந்தப் போட்டியில் முதலிடம் அவருக்குத்தான்.

இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது. இத்தாலியின் பெரிய கிளப்கள் பெரும் பணத்துடன் அவரைக் கேட்டன. சலாசாரின் சர்வாதிகார ஆட்சி அவரை நாட்டின் சொத்து என்று சொல்லி விடவில்லை என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. 1966க்குப் பிறகு இத்தாலியும் வெளிநாட்டு வீரர்களுக்குக் கதவைச் சாத்திக்கொண்டது. அதே ஆண்டுகளில் அவர் பிறந்த மொசாம்பிக்கில், அதே ஆட்சிக்கு எதிராக விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தது. அந்த ஆட்சிக்கோ உலகத்துக்குக் காட்ட அவருடைய முகம் வசதியாக இருந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொஞ்சம் கனக்கும். சொத்து என்ற சொல்லில் பெருமையும் உண்டு, பூட்டும் உண்டு.

முழங்கால் அறுவை சிகிச்சைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1975இல் பென்ஃபிகாவை விட்டார். மொசாம்பிக் சுதந்திரம் பெற்றதும் அதே ஆண்டுதான். பிறகு அமெரிக்கா, மெக்சிகோ, கனடா என்று வயிற்றுப்பாட்டு ஆட்டம். நடுவே பெய்ரா-மார் என்ற சிறிய போர்ச்சுகல் அணிக்கும் ஆடினார். அந்த அணி பென்ஃபிகாவை எதிர்கொண்ட நாளில் எதிரணியின் கோலை நோக்கி உதைக்கவே மனம் வரவில்லை என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். சம்பளம் கொடுத்த அணிக்கு இது நியாயமா என்று கேட்டால், இல்லைதான்.

ஊர் திரும்பியவரை பென்ஃபிகா தன் தூதராக ஆக்கிக்கொண்டது. பந்தைத் தொட வேண்டாம். வெளிநாட்டு ஆட்டங்களுக்கு அணியோடு பயணம், விருந்தினர் வரவேற்பு, பழைய எதிரிகளோடு கைகுலுக்கல். இந்தக் கடைசி வேலைக்கு அவர் பொருத்தமான ஆள். 1968 இறுதியாட்டத்தில், 1-1 என்று நின்றபோது, அவர் உதைத்த வெற்றிப் பந்தை மான்செஸ்டர் யுனைடெட் கோல்கீப்பர் ஸ்டெப்னி பிடித்துவிட்டார். தலையில் கைவைக்க வேண்டிய நேரத்தில் யூசேபியோ நின்று கைதட்டினார். அன்றைய எதிரணித் தலைவர் பாபி சார்ல்டன் கடைசிவரை நண்பர்.

தூதர் வேலையில் விசித்திரமான பயணமும் உண்டு. 1962 வெற்றிக்குப் பிறகு சம்பளத் தகராறில் கிளம்பிய குட்மன், இனி நூறு ஆண்டுக்கு பென்ஃபிகா ஐரோப்பியக் கோப்பையைத் தொடாது என்று சாபமிட்டதாகக் கதை. அதற்குப் பிறகு வந்த இறுதியாட்டங்கள் எல்லாவற்றிலும் தோல்விதான். 1990 இறுதியாட்டம் வியன்னாவில் நடந்தது. குட்மனின் கல்லறையும் அங்கேதான். யூசேபியோ போய் அங்கே பிரார்த்தனை செய்துவிட்டு வந்தார். மிலான் 1-0 என வென்றது.

தேசிய அணிக்கும் அவர் இப்படியே கூடப் போய்க்கொண்டிருந்தார். 2012 ஐரோப்பியக் கோப்பையின்போது போலந்தில் உடல்நிலை மோசமாகி மருத்துவமனையில் சேர்ந்தார். வயது எழுபது. அப்போதும் அணியோடுதான் இருந்தார்.

2014 ஜனவரி 5 அன்று லிஸ்பனில் மாரடைப்பால் காலமானார். அரசு மூன்று நாள் துக்கம் அறிவித்தது. அவர் விருப்பப்படி சவப்பெட்டியை பென்ஃபிகாவின் லூஸ் மைதானத்துக்குள் ஒரு சுற்று கொண்டுபோனார்கள். அடுத்த ஞாயிறு போர்ட்டோவுடன் ஆட்டம். பென்ஃபிகா வீரர்கள் அத்தனை பேர் முதுகிலும் யூசேபியோ என்றே எழுதியிருந்தது. 2-0 என வென்றார்கள். அடுத்த மாதமே மாப்புட்டோவில் கொலூனாவும் கண்மூடினார். அவர் சுதந்திர மொசாம்பிக்குக்கே திரும்பிப்போய் அங்கே கால்பந்துச் சங்கத்தை நடத்தியவர். அம்மாவின் கடிதத்தால் சேர்ந்த இருவர், ஆளுக்கொரு ஊரில்.

2015 ஜூலையில் யூசேபியோவின் உடல் தேசிய நினைவு மண்டபத்துக்கு மாற்றப்பட்டது. அங்கே இடம்பெற்ற முதல் கால்பந்து வீரர் அவர்தான். பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பதால் ஐரோப்பா போய்வரும் பெரியவர்கள் நம் குடியிருப்பில் பலர் உண்டு. லிஸ்பன் போனால் மெட்ரோவின் நீலத் தடத்தில் லூஸ் மைதானத்தருகே இறங்கலாம். வாசலிலேயே பந்தை உதைக்கும் நிலையில் அவர் சிலை நிற்கிறது. 1992இல், அவர் உயிரோடு இருக்கும்போதே வைத்தது.